சேத்துப்புண்ணும் ஒரு சர்வரோக ட்யூபும்

ரெண்டு மாசமா இந்தக் கடையைத் திறக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். வந்ததும் வராததுமா காலைப் பத்தி எழுதப் போறேன். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவிட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன் :-)

புதுசா வர்றவங்களுக்கு ஒரு முன்னறிமுகம். நமக்கு ஊர் காவேரிப்பட்டினம். கண்ணகி, கோவலன், கடல்னு ஆரம்பிக்காதீங்க, அது பூம்புகார். இது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில, நிப்பட்டுக்கும் மாம்பழத்துக்கும் பேர் போன ஊர். பொட்டி தட்டுறது ஓசூர் தாண்டி.

விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் பதிவர் நண்பர்கள் சிலர் ஓசூர்ல கூடினோம். டீ குடிக்கும்போது ஒருத்தர் ஷூவைக் கழட்டிட்டுக் கால் விரல் இடுக்கைச் சொறிஞ்சார். "ஆறு மாசமா சேத்துப்புண்ணு பாஸ், போகவே மாட்டேங்குது"ன்னார். உடனே ரெண்டு கட்சி கிளம்பிடுச்சு.

ஒரு கட்சி: "மெடிக்கல்ல ஒரு ட்யூப் இருக்கு, நாலு மருந்து சேர்ந்தது. ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடும்."

இன்னொரு கட்சி: "எது பண்ணாலும் பண்ணுங்க, பூஞ்சைக்கு மாத்திரை மட்டும் சாப்பிடாதீங்க. லிவர் காலி."

ரெண்டு கட்சியும் தப்பு. ரெண்டும் சேர்ந்துதான் இன்னைக்கு இந்தியாவுல ஒரு சாதாரணத் தோல் வியாதியை அடங்காப்பிடாரி ஆக்கி வச்சிருக்கு. அன்னைக்கே கத்தியிருப்பேன், டீக்கடையில மானம் போயிடும்னு இங்க வந்து கத்துறேன்.

கத்துறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. அது எங்க அப்பாவோட இடது கால்.

அப்பா சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரியில மேற்பார்வை வேலை பார்க்கிறவர். மே மாசம் ஆரம்பிச்சா பெங்களூரா மாங்கா லாரி லாரியா வரும். தரை பூரா தண்ணி, காலுக்கு கம்பூட், ஒரு ஷிப்டுன்னா பத்து மணி நேரம். பூஞ்சைக்கு இதைவிட சொர்க்கம் வேற இல்லை. ரெண்டு சீசனுக்கு முன்னாடி விரல் இடுக்குல வெள்ளையா ஊறி, வெடிச்சு, அரிக்க ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போலாம்ப்பான்னேன். "ஏன்டா, சேத்துப்புண்ணுக்கெல்லாமா டாக்டரு? மெடிக்கல்ல சொன்னா குடுப்பாங்க, போய் வாங்கிட்டு வா"ன்னார்.

போய் வாங்கிட்டு வந்தேன். வாங்கினது நான்தான், மக்களே. இஞ்சினியரிங் படிச்சவன், சாஃப்ட்வேர் லைசென்ஸ்ல கால்புள்ளி விடாமப் படிக்கிறவன், அந்த ட்யூப்ல என்ன இருக்குன்னு படிக்கலை.

ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுச்சு. அப்பா என்னைப் பெருமையாப் பார்த்தார். பத்து நாள் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. இன்னொரு ட்யூப். நின்னுச்சு, வந்துச்சு. இப்படியே ஒம்போது மாசம். பாதத்தோட அடிப்பக்கம் பரவுச்சு, மேல ஏறுச்சு, தொடை இடுக்கு வரைக்கும் போச்சு. அப்பாவுக்கு பதினோரு வருஷமா சுகர். ஒரு நாள் ராத்திரி குளிர் காய்ச்சல். காலையில பார்த்தா முழங்கால் வரைக்கும் செக்கச் செவேல்னு வீங்கி, தொட்டா சுடுது. விரல் இடுக்கு வெடிப்பு வழியா பாக்டீரியா உள்ள போயிடுச்சுன்னாங்க. செல்லுலைட்டிஸ். ஆறு நாள் ஆஸ்பத்திரியில நரம்பு வழியா ஆன்டிபயாடிக். பக்கத்துக் கட்டில்ல இருந்தவருக்கு இதே கதையில ஒரு விரலை எடுத்துட்டாங்க. அந்த ஆறு ராத்திரியும் நான் அப்பா காலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்த ட்யூப்ல என்னதான் இருக்கு?

பொதுவா இந்த "நாலு மருந்து" ட்யூப்கள்ல பூஞ்சையைக் கொல்ல ஒண்ணு, பாக்டீரியாவைக் கொல்ல ஒண்ணு, சிலதுல அமீபா மாதிரி ஒட்டுண்ணிக்குக்கூட ஒண்ணு (கால்ல எங்கய்யா அமீபா?), கூடவே ஒரு ஸ்டீராய்டு. பெரும்பாலும் க்ளோபிடசால், இல்லைன்னா பீட்டாமெத்தசோன். க்ளோபிடசால்னா தோல்ல தடவுற ஸ்டீராய்டுகள்லயே உச்சபட்ச வீரியம் உள்ள வகை. சோரியாசிஸ் மாதிரி வியாதிக்கு, டாக்டர் கண்காணிப்புல, கொஞ்ச நாளைக்குத் தடவ வேண்டிய சாமான்.

ஸ்டீராய்டு என்ன பண்ணும்? அரிப்பும் சிவப்பும் பூஞ்சையால நேரடியா வர்றதில்லை. உள்ள வந்த பூஞ்சையை நம்ம உடம்பு எதிர்த்துச் சண்டை போடுறதால வருது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடும். நம்ம பாஷையில சொன்னா, சர்வர்ல எர்ரர் வருதுன்னு லாகிங்கை ஆஃப் பண்ணிட்டு "பக் ஃபிக்ஸ் ஆயிடுச்சு"ன்னு மெயில் அனுப்புற வேலை. லாக் அமைதியா இருக்கும். உள்ள பூஞ்சை எதிர்ப்பே இல்லாம குடும்பம் நடத்தும்.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1968-லயே ஐவ், மார்க்ஸ்னு ரெண்டு பிரிட்டிஷ் டாக்டர்கள் இதுக்கு "டினியா இன்காக்னிட்டோ"ன்னு பேர் வச்சுட்டாங்க. மாறுவேஷத்துல திரியிற பூஞ்சைத் தொற்று. ஆமா, நம்ம ப்ரௌசர்ல வர்ற அதே இன்காக்னிட்டோதான். அரை நூற்றாண்டுக்கு மேல உலகத்துக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை நம்ம ஊர்ல மருந்துச்சீட்டு இல்லாம வித்துக்கிட்டு இருந்தோம்.

எப்படி விக்க முடிஞ்சுதுன்னு கேட்பீங்க. அதுல ஒரு சட்ட ஓட்டை. ஸ்டீராய்டுகள் மருந்துச்சீட்டோட மட்டும் விக்க வேண்டிய "அட்டவணை எச்"-ல இருந்துச்சு, ஆனா மேல பூசுற மருந்துகளுக்கு அதுல விலக்கு. தோல் டாக்டர்கள் சங்கமான ஐ.ஏ.டி.வி.எல். இதுக்குன்னே தனிக்குழு போட்டு வருஷக்கணக்காக் கத்துனாங்க, கோர்ட்டுக்கும் போனாங்க. 2018-லதான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-க்குள்ள கொண்டு வந்துச்சு.

கூட்டு மருந்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2016 மார்ச்ல 344 கூட்டு மருந்துகளைத் தடை பண்ணாங்க. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு, அதே டிசம்பர்ல டெல்லி உயர்நீதிமன்றம் தடையை ரத்து பண்ணுச்சு. 2017 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் "நிபுணர்களை வச்சுத் திரும்பப் பாருங்க"ன்னுச்சு. 2018 செப்டம்பர்ல 328 கூட்டுகளுக்குத் தடை வந்துச்சு. அந்தப் பட்டியல்ல ஸ்டீராய்டு கலந்த இந்தச் சர்வரோக க்ரீம்கள் கணிசமா உண்டு. ஆனா பட்டியல்ல இல்லாத கூட்டுகள் இன்னும் கடையில இருக்கு. அட்டவணை எச் மருந்தைச் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ட்யூப்லயே அச்சடிச்சிருக்கு. நான் வாங்கினது இந்தச் சட்டமெல்லாம் வந்த பிறகுதான். யாரும் சீட்டு கேட்கலை. நானும் காட்டலை. சட்டத்தை மீறினதுல பாதி என் பங்கு.

இப்ப மாத்திரைக்கு வருவோம். "லிவர் காலி" கட்சிக்காரங்க கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருங்க.

பூஞ்சையோட செல் சுவருக்கு உள்பக்கம் இருக்கிற சவ்வுக்கு எர்கோஸ்டெரால்னு ஒரு கொழுப்பு வேணும். நமக்குக் கொலஸ்ட்ரால் மாதிரி. அதைப் பூஞ்சை படிப்படியாத் தயாரிக்குது. டெர்பினஃபைன் மாத்திரை அந்த வரிசையில ஸ்குவாலீன் எபாக்சிடேஸ்னு ஒரு என்சைமை அடைக்கும். இட்ராகொனசோல் அதுக்கு அப்புறம் வர்ற இன்னொரு படியை அடைக்கும். ஒரே பைப்லைன், ரெண்டு வேற வேற வால்வு. க்ரீம் போக முடியாத தடிச்ச தோலுக்கும் நகத்துக்கும் மாத்திரை ரத்தம் வழியாப் போய்ச் சேரும். அதனால பாதம் பூரா பரவினது, நகத்துல ஏறினது, க்ரீமுக்கு மசியாதது, திரும்பத் திரும்ப வர்றது, இதுக்கெல்லாம் மாத்திரைதான் சரியான வைத்தியம். விரல் இடுக்குல மட்டும் புதுசா வந்திருக்குன்னா மாத்திரை தேவையே இல்லை, ஸ்டீராய்டு கலக்காத, வெறும் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீமே போதும்.

மாத்திரை வர்றதுக்கு முன்னாடி உலகம் எப்படி இருந்துச்சுன்னு யோசிங்க. 1939-ல க்ரிசியோஃபல்வினைக் கண்டுபிடிச்சாங்க, அதை வாய்வழியாக் குடுத்தா தோல் பூஞ்சை போகும்னு தெரிய 1958 ஆச்சு. டெர்பினஃபைன் வந்தது 1990-கள்ல. பாதப் பூஞ்சைக்கு க்ரிசியோஃபல்வினைவிட டெர்பினஃபைன் நல்லா வேலை செய்யுதுன்னு 2012-ல வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுச்சு. ஒரு நாளைக்கு ஒரு 250 மில்லிகிராம் மாத்திரை, ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம். இதுதான் புத்தகக் கணக்கு. அப்படி ஒரு அருமையான ஆயுதம்.

அந்த ஆயுதத்தைத்தான் நாம மழுங்கடிச்சுட்டோம்.

2018-ல டெல்லியில நோயாளிங்ககிட்ட இருந்து எடுத்த 63 பூஞ்சை மாதிரிகளைச் சோதிச்சாங்க. அதுல 20 டெர்பினஃபைனுக்கு அடங்கலை. கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு. காரணம், அந்த ஸ்குவாலீன் எபாக்சிடேஸ்ல வந்த மாற்றம். இந்தியாவுல அதிகமாத் தென்படுறது 397-வது இடத்துல ஃபினைல் அலனின் இருக்க வேண்டிய இடத்துல லூசின் வந்து உட்கார்றது. ஒரே ஒரு எழுத்து மாறிச்சு, பூட்டுக்குச் சாவி சேரலை. புரோகிராமர்களுக்கு இதைவிட விளக்கம் வேணாம்.

2020-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்தவங்ககிட்ட இருந்து எடுத்த இந்த வகைக்குத் தனிப்பேர் வச்சாங்க: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. பேர்லயே நம்ம நாடு. 2023 மே மாசம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்ல ரெண்டு பெண்களுக்கு இது வந்திருக்குன்னு அறிவிச்சுச்சு. ஒருத்தர் வங்கதேசம் போய் வந்தவர், இன்னொருத்தர் சமீபத்துல வெளிநாடு போகாதவர். அந்த ரெண்டாமவருக்கு டெர்பினஃபைன் கேட்கலை, நாலு வாரம் இட்ராகொனசோல் குடுத்துத்தான் சரியாச்சு. நமக்கு ஆன்சைட் கிடைக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பூஞ்சைக்குக் கிடைச்சிருச்சு, அவ்வ்வ்வ்.

நேர்மையா ரெண்டு விஷயம் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. ஒண்ணு, இந்த இண்டோட்டினியே தொடை இடுக்கு, இடுப்பு, உடம்புலதான் அதிகம் ஆடுது. கால் விரல் இடுக்குல வர்ற எல்லாமே இது இல்லை, அங்க பழைய வகைகளும் நிறைய. ரெண்டு, ஸ்டீராய்டு க்ரீம் போய் நேரடியா அந்த 397-வது எழுத்தை மாத்துச்சுன்னு நான் சொல்லலை. நான் சொல்றது இது: ஸ்டீராய்டு தொற்றை மறைச்சு மாசக்கணக்கா நீட்டிக்குது, அதுக்குள்ள வீட்டுல நாலு பேருக்குப் பரவுது, ஒவ்வொருத்தரும் அரைகுறையா மருந்து எடுக்குறாங்க. இப்படி ஒரு சூழ்நிலையில அடங்காத வகைதான் பிழைச்சுப் பெருகும். பத்தாங்கிளாஸ் டார்வின் பாடம்.

அரைகுறைன்னா என்ன? எங்க அப்பா கதையோட ரெண்டாம் பாகம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கடையில டெர்பினஃபைன் ஒரு அட்டை வாங்கி, அரிப்பு குறைஞ்சதும் ஏழாவது நாள் நிறுத்தினார். மிச்சத்தை, சிப்காட்டுல வேலை பார்க்கிற என் சித்தப்பா பையனுக்குக் குடுத்தார். அவன் ரூம்ல அஞ்சு பேர், ஷிப்டு மாத்தி ஷிப்டு அதே பாய், அதே துண்டு, நாள் பூரா சேஃப்டி ஷூ. அவன் மூணு நாள் சாப்பிட்டான். ஒரு அட்டை, ரெண்டு பேர், ரெண்டு அரைகுறை. அப்புறம் ஒரு டாக்டர் அப்பாவுக்கு இட்ராகொனசோல் எழுதினார். கூடவே வழக்கம்போல வெறும் வயித்துல ஒரு கேஸ் மாத்திரை.

இந்த இடத்தை மட்டும் நிறுத்திப் படிங்க. இட்ராகொனசோல் கேப்சூல் உடம்புல சேர்றதுக்கு வயித்துல அமிலம் வேணும். அதனாலதான் சாப்பாட்டோட சாப்பிடச் சொல்றாங்க. பேன்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரையோட வேலையே அமிலத்தைக் குறைக்கிறது. அப்ப விலை கூடின கேப்சூலை முழுங்கிட்டு அதுல பெரும்பகுதியை வீணாக்குறோம். அதுமட்டுமில்லை, நம்ம ஊர் கேஸ் மாத்திரைகள்ல நிறைய டாம்பெரிடோன் கலந்தது. இட்ராகொனசோலும் டாம்பெரிடோனும் சேரவே கூடாது, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கலாம். கொழுப்புக்குச் சாப்பிடுற சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் கூடயும் தகராறு, தசை பாதிக்கும். அப்பா அடோர்வாஸ்டாட்டினும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஒருத்தரும் கேட்கலை, நாங்களும் சொல்லலை.

மாத்திரை கேட்கலைன்னு நாம ஊர் பூரா சொல்றோம்ல, அதுல எத்தனை தடவை மாத்திரை உள்ளயே போகலை?

இப்ப லிவர். பயம் பொய்யில்லை. டெர்பினஃபைன் அபூர்வமா ஈரலைத் தாக்கும், சிலருக்கு நாக்கு ருசி போகும். இட்ராகொனசோல் இதயம் பலவீனமானவங்களுக்கு ஆகாது. 2001-லயே அமெரிக்க எஃப்.டி.ஏ. ரெண்டுக்கும் எச்சரிக்கை குடுத்துச்சு. கீட்டோகொனசோல் மாத்திரையோட ஈரல் ஆபத்து பெருசுங்கிறதால 2013-ல ஐரோப்பாவுல அதை நிறுத்தச் சொன்னாங்க, அமெரிக்காவுல தோல், நகப் பூஞ்சைக்குக் குடுக்காதீங்கன்னாங்க. ஆனா இதுக்கெல்லாம் பதில் "மாத்திரையே வேணாம்" இல்லை. "டாக்டரைப் பார்த்து, ரத்தம் சோதிச்சு, சாப்பிடுற மத்த மாத்திரையெல்லாம் சொல்லி, முழு கோர்ஸ் முடி"ங்கிறதுதான். லிவருக்குப் பயந்து மாத்திரையை ஒதுக்கிட்டு ஒரு வருஷம் ஸ்டீராய்டு தடவுறவங்களை என்ன சொல்ல? தோல் மெலிஞ்சு, கோடு கோடா வெடிச்சு, பூஞ்சை மட்டும் ஆரோக்கியமா இருக்கும். சொந்தச் செலவுல சூனியம்.

"உனக்கென்னப்பா, ஐ.டி. சம்பளம். தினக்கூலிக்காரன் தோல் டாக்டர்கிட்ட போய் ஃபீஸ் குடுப்பானா?"ன்னு ஒரு நண்பர் அன்னைக்கே கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் கணக்குதான். ஒம்போது மாச ட்யூப், ஆறு நாள் ஆஸ்பத்திரி, ஒரு சீசன் சம்பளம் போனது, இதையெல்லாம் கூட்டிப் பாருங்க. எங்களுக்குக் கடைசியில வழி காட்டினது ஒரு அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவு. ஃபீஸ் இல்லை, பாதி நாள் வரிசையில நின்னோம், அவ்வளவுதான். கடைக்காரரை மட்டும் திட்டுறதும் நியாயமில்லை. நாம கேட்கிறதைத்தான் அவர் குடுக்கிறார். ஆனா, சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கிற ட்யூபை எடுத்து நீட்டுற கைக்கும் பொறுப்பு உண்டு. அதைச் சோதிக்க வேண்டிய மருந்து ஆய்வாளருக்கு இன்னும் அதிகப் பொறுப்பு. அஞ்சு பேருக்கு ஒரு ரூம் குடுத்து, ரப்பர் பூட்டையும் குடுத்து, காலைக் காய வைக்கப் பத்து நிமிஷம் குடுக்காத ஃபேக்டரிகளுக்கும் உண்டு.

அந்த அரசு டாக்டர் என்ன பண்ணார் தெரியுமா? முதல்ல காலைத் தொட்டுப் பார்த்தார். அதுவரைக்கும் யாரும் தொடலை. மழுங்கின பிளேடால கொஞ்சம் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்ல பார்க்க அனுப்பினார். பூஞ்சைதானா இல்லையான்னு அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு. ட்யூபைக் குப்பையில போடச் சொன்னார். "நிறுத்தினதும் ரெண்டு வாரம் அரிப்பு இன்னும் அதிகமாகும், பயந்து திரும்பத் தடவாதீங்க"ன்னார். சொன்ன மாதிரியே ஆச்சு, அப்பா ராத்திரியெல்லாம் தூங்கலை. மூச்சு வாங்குதா, இதயத்துல பிரச்சனை உண்டான்னு கேட்டார். ஈரல் டெஸ்ட் எடுத்தார். கேஸ் மாத்திரையை நிறுத்தினார், கொழுப்பு மாத்திரையை ரோசுவாஸ்டாட்டினா மாத்தினார். அப்புறம்தான் இட்ராகொனசோல், சாப்பாட்டோட. அம்மாவையும் பரிசோதிச்சார், அவங்களுக்கும் இருந்துச்சு. துண்டு, சாக்ஸ் எல்லாம் தனித்தனி, சுடுதண்ணி, வெயில். எட்டு வாரம். அரிப்பு நின்ன பிறகும் விடாம எட்டு வாரம்.

இந்த மே மாசம் அப்பா திரும்ப ஃபேக்டரிக்குப் போனார். தினம் ராத்திரி வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொண்ணையும் பழைய வேட்டித் துணியால துடைச்சுட்டு, டார்ச் அடிச்சு என்கிட்ட காட்டுவார். "பார்றா, சுத்தமா இருக்குதா?" நானும் குனிஞ்சு பார்ப்பேன். நான் வாங்கிக் குடுத்த ட்யூபுக்கு அது என் வட்டி.

அதனால பாஸ், அன்னைக்கு டீக்கடையில சொறிஞ்ச பாஸ், உங்களுக்குத்தான். உங்க பேக்ல இருக்கிற ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படிங்க. "சோன்", "சால்"னு முடியிற பேர் இருந்தா அது என்னன்னு ஒருத்தர்கிட்ட கேளுங்க. (க்ளோட்ரிமசோலும் "சோல்"தான், அது நல்ல பையன், குழப்பிக்காதீங்க.) அப்புறம் ஒரு நாள் லீவு போட்டுட்டுத் தோல் டாக்டரைப் பாருங்க. சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. மாத்திரை குடுத்தா, கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடுங்க. மிச்சம் வச்சு யாருக்கும் தானம் பண்ணாதீங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு மெடிக்கல்ல போய் "இட்ராகொனசோல் ஒரு அட்டை"ன்னு கேட்டீங்கன்னா இந்தப் பதிவை நீங்க படிக்கவே இல்லைன்னு அர்த்தம். திட்டுறவங்க தாராளமாத் திட்டலாம், ஆனா முதல்ல ஷூவைக் கழட்டிக் காலைப் பார்த்துட்டு வந்து திட்டுங்க :-)